யாரைக் கேட்டு விற்றார்கள்?

2018 ஏப்ரல் 10ந் தேதி, வாஷிங்டன் நகரில், அமெரிக்க செனட் சபைக் கமிட்டியின் முன்பு பேஸ்புக் கம்பெனியின் அதிபர் மார்க் ஜூக்கர்பெர்க் ஆஜரானார். இல்லினாய் மாநிலத்து செனட்டர் டிக் டர்பின் அவரிடம் மிகச் சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்டார். நேற்றிரவு நீங்கள் எந்த ஹோட்டலில் தங்கினீர்கள் என்று எங்களிடம் சொல்ல உங்களுக்குச் சம்மதமா? ஜூக்கர்பெர்க் கொஞ்சம் தயங்கிவிட்டு, இல்லை என்றார். சரி, இந்த வாரம் யார் யாருக்குச் செய்தி அனுப்பினீர்கள், அவர்கள் பெயரையாவது சொல்வீர்களா? அதையும் இங்கே பகிரங்கமாகச் சொல்ல விரும்பவில்லை என்றார்.

அவர் சொன்ன பதிலில் தப்பில்லை. மானமுள்ள எந்த மனிதனும் அப்படித்தான் சொல்லுவான். எங்கே தங்கினோம், யாரோடு பேசினோம் என்பது அவரவர் சொந்த விஷயம். ஆனால் உலகத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் யாரோடு பேசுகிறார்கள், எதை விரும்புகிறார்கள், எதைக் கண்டு கோபப்படுகிறார்கள் என்ற கணக்குப் புத்தகம் அன்றைக்கு அந்த ஒரு மனிதரின் கம்பெனியில் இருந்தது. தன் ஒரு ராத்திரியைச் சொல்ல மனம் வராதவர், பிறருடைய ராப்பகலையெல்லாம் வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அதற்காகத்தான் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

விஷயம் நடந்தது 2014ல். பிரிட்டனில் உள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் அலெக்சாண்டர் கோகன் என்று ஒரு மனோதத்துவ ஆசிரியர் இருந்தார். அவர் ஒரு ஆப் தயாரித்தார். நீ எப்படிப்பட்ட ஆள், கூச்சமுள்ளவனா, கோபக்காரனா, கவலைப்படுகிறவனா என்று வரிசையாகக் கேள்வி கேட்கும் ஆப் அது. பதில் சொன்னவர்களுக்குச் சொற்பப் பணமும் கொடுக்கப்பட்டது. ஆராய்ச்சிக்காக என்றார்கள். சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதைத் தங்கள் பேஸ்புக் கணக்கோடு சேர்த்துப் பதில் சொன்னார்கள்.

இதுவரை சொன்னதில் பெரிய குற்றம் ஒன்றும் தெரியாது. கூலி வாங்கிக்கொண்டு பதில் சொன்னார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆப், பதில் சொன்னவனுடைய விவரத்தை மட்டும் எடுக்கவில்லை. அவனுடைய பேஸ்புக் சிநேகிதர்கள் அத்தனை பேருடைய விவரங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் காலத்தில் பேஸ்புக் கம்பெனியே அப்படி எடுத்துக்கொள்ள வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2015ல்தான் அந்த வாசல் பெரும்பாலும் அடைக்கப்பட்டது. அதற்குள் போனது எவ்வளவு? பேஸ்புக் கம்பெனி தானே ஒப்புக்கொண்ட மதிப்பு: 8 கோடியே 70 லட்சம் பேர் வரை. அவர்களில் 7 கோடிக்கு மேல் அமெரிக்கர்கள்.

2 லட்சத்து 70 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 8 கோடியே 70 லட்சம் பேர் வீட்டில் புகுந்து எடுத்தார்கள்.

எடுத்த சரக்கு எங்கே போயிற்று? கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற லண்டன் கம்பெனிக்குப் போயிற்று. அதற்கு மூலதனம் போட்டவர் ராபர்ட் மெர்சர் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர். அதன் உயர் பதவியில் இருந்தவர் ஸ்டீவ் பானன். பின்னால் டிரம்பின் தேர்தல் வேலைக்குத் தலைமை வகித்தவர். இந்தக் கம்பெனி முதலில் டெட் குரூஸ் என்ற வேட்பாளருக்கும், 2016ல் டிரம்புக்கும் தேர்தல் வேலை செய்தது. ஆளைப் பார்த்து ஆளுக்குத் தக்க பிரசாரம். பயந்தவனுக்குப் பயமுறுத்தும் விளம்பரம், கோபக்காரனுக்குக் கோபமூட்டும் விளம்பரம் - இதுதான் அந்தக் கம்பெனி விற்ற வித்தை. மேடை போட்டு எல்லோரும் கேட்கப் பேசினால், பொய்யென்றால் எதிராளி எழுந்து மறுக்கலாம். ஒவ்வொருவன் காதிலும் தனித்தனியாக ஓதினால் மறுப்பது யார்?

அந்த வித்தை உண்மையில் பலித்ததா, தேர்தலின் முடிவை மாற்றியதா என்பதில் விஷயம் தெரிந்தவர்களுக்குள்ளேயே தர்க்கம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வாடிக்கை பிடிக்க ஜம்பம் அடித்திருக்கலாம். நம்முடைய கேள்வி அதுவல்ல. திருடியவன் திருட்டுச் சாமானை வைத்து லாபம் சம்பாதித்தானா நஷ்டப்பட்டானா என்பது பிறகு. சாமான் யாருடையது?

ஒரு 'லைக்' போட்டதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சினிமாப் பாட்டுக்கு ஒரு லைக், பக்கத்து ஊர்க் கபடிக்கு ஒரு லைக், அக்காள் மகள் போட்டோவுக்கு ஒரு லைக். இதில் என்ன இருக்கிறது? 2013ல் அதே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 58 ஆயிரம் பேருடைய லைக்குகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை நூற்றுக்கு 95 வீதமும், எந்தக் கட்சிக்காரர் என்பதை நூற்றுக்கு 85 வீதமும் சரியாகச் சொல்ல முடிந்தது. அந்த மனிதர்கள் தங்கள் நிறத்தையோ கட்சியையோ எங்கும் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஒரு நூல் இழையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரம் இழை சேர்ந்தால் துணி, கரை, பூ எல்லாம் தெரிகிறதல்லவா? மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி இலவசம் என்ற வார்த்தைக்கு வருவோம். 2018ல் பேஸ்புக்கைப் பயன்படுத்த யாரும் காசு கொடுக்கவில்லை. பிறகு எப்படிக் கம்பெனி நடக்கிறது என்று அதே செனட் விசாரணையில் வேறொரு செனட்டர் கேட்டார். விளம்பரம் போடுகிறோம் என்றார் ஜூக்கர்பெர்க். 2018ம் வருஷம் அந்தக் கம்பெனியின் வரும்படி 5,583 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 98 பங்கு விளம்பரக் காசு. விளம்பரக்காரன் எதற்காக இவ்வளவு கொட்டுகிறான்? இந்தச் செய்தியை இன்ன வயதில், இன்ன ஊரில், இன்ன கவலையில் இருக்கிற ஆளுக்கு மட்டும் காட்டு என்று சொன்னால் அப்படியே காட்டித் தர முடிகிறது என்பதற்காக. பண்ணையார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடும் இலவசம்தான். மறுநாள் விடியுமுன்பு யார் வயலில் போய் யார் நிற்பது என்பது ஊருக்குத் தெரியும். நெல் விளைவித்தவனுக்கு அரைவயிற்றுக் கூலியாவது உண்டு. இங்கே சரக்கை விளைவித்தவனுக்குத் தான் சரக்கு விளைவித்தோம் என்பதே தெரிவதில்லை.

பார்ப்பதோடு அவர்கள் நிற்கவுமில்லை. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேருடைய பேஸ்புக் பக்கத்தில் வரும் செய்திகளை அவர்களுக்குத் தெரியாமல் கம்பெனி கூட்டிக் குறைத்தது. சிலருக்குச் சந்தோஷமான செய்திகளைக் குறைத்தார்கள். சிலருக்கு வருத்தமான செய்திகளைக் குறைத்தார்கள். பிறகு அவர்கள் எழுதுவது எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். மாறியது மிகவும் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2014 ஜூனில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அவர்களே அச்சிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரியும். மனிதர்களுடைய சந்தோஷத்தையும் துக்கத்தையும் திருகிப் பார்க்க யார் அனுமதி கொடுத்தது? கணக்குத் திறக்கும்போது படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தினீர்களே, அதுதான் அனுமதி என்றார்கள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொண்ட கதை நமது கிராமங்களுக்குப் புதிதல்ல.

தண்டனை என்ன கிடைத்தது? கோகன் கொடுத்த சரக்கு கேம்பிரிட்ஜ் அனலிடிகாவிடம் இருப்பது 2015 டிசம்பரிலேயே பேஸ்புக்குக்குத் தெரியும். அழித்துவிடுங்கள் என்று கடிதம் எழுதி, அழித்துவிட்டோம் என்ற வாக்குறுதியை வாங்கி வைத்துக்கொண்டு, பறிகொடுத்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது. 2018 மார்ச்சில் அந்தக் கம்பெனியில் வேலை செய்த கிறிஸ்டோபர் வைலி பத்திரிகைகளிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் விவகாரம் அம்பலமாயிற்று. பிரிட்டனில் 5 லட்சம் பவுன் அபராதம். அமெரிக்காவில் 2019 ஜூலையில் 500 கோடி டாலர் அபராதம். 500 கோடி டாலர்! கேட்கும்போது காது அடைக்கிறது. ஆனால் 2019ல் அந்தக் கம்பெனியின் வரும்படி 7,069 கோடி டாலர். அபராதம் அதன் ஒரு மாத வரும்படிக்கும் குறைவு. அபராதம் இவ்வளவுதான் என்ற செய்தி கசிந்த அன்றைக்கு அந்தக் கம்பெனியின் பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது. பங்குச் சந்தைக்காரர்கள் இந்தத் தீர்ப்பை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. நமது நாட்டுக் கணக்கையும் பேஸ்புக் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் அந்த ஆப்பை எடுத்தவர்கள் 335 பேர். விவரம் பறிபோயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். ஒரு ஆளின் கைநாட்டுக்கு ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல்! டில்லியில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் நீதான் அந்தக் கம்பெனியோடு உறவாடினாய், நீதான் உறவாடினாய் என்று ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. கேம்பிரிட்ஜ் அனலிடிகா 2018 மே மாதமே கடையைக் கட்டிவிட்டது. சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது 2021 ஜனவரியில்.

இந்த 335 என்ற எண்ணை நாம் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் நமக்கு உபதேசம் செய்கிறார்கள்: ஜாக்கிரதையாக இருங்கள், தெரியாத ஆப்பைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். நல்ல புத்திதான்; வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்தரை லட்சம் பேர் என்ன அஜாக்கிரதையாக இருந்தார்கள்? அவர்கள் ஒன்றையும் தொடவில்லை. ஒரு சிநேகிதன் தொட்டான், அவ்வளவுதான். தனி ஆளின் ஜாக்கிரதையால் அடைக்க முடியாத ஓட்டை இது. வாய்க்காலின் தலைப்பில் விஷத்தைக் கலந்துவிட்டு, கடைமடைக்காரனைப் பார்த்து உன் குடத்தை நன்றாகக் கழுவு என்று சொன்னால் எப்படி?

கடன் ஆப்களின் கொடுமையில் இதை நமது ஜனங்கள் நேராகவே அனுபவித்தார்கள். கொரோனா காலத்தில் வேலையில்லாமல் தவித்தவர்கள் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று செல்போனில் கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்த ஆப், போனில் இருந்த பெயர்கள், நம்பர்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தவணை ஒரு நாள் தப்பினால் மாமனாருக்கும், முதலாளிக்கும், பிள்ளையின் வாத்தியாருக்கும் போன் போகும். இவன் திருடன் என்று படத்தோடு செய்தி போகும். மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 நவம்பரில் கொடுத்த அறிக்கையில், சுமார் 1,100 கடன் ஆப்கள் புழங்குவதாகவும், அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றும் கண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான், கடன் ஆப்கள் போனிலுள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக்கூடாது என்று வங்கி உத்தரவு போட்டது. கந்துவட்டிக்காரன் முன்பு வாசலில் வந்து நின்று கத்தினான். தெரு மட்டும் கேட்டது. இவன் உன் சட்டைப் பையிலிருந்தே கத்துகிறான்.

தொழிற்சங்க விஷயத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமேஸான் கம்பெனிக்காகச் சொந்தக் காரில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் டிரைவர்கள், பேஸ்புக்கில் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளப் பூட்டிய குழுக்களை வைத்திருந்தார்கள். கூலி போதவில்லை, வேலை நிறுத்தம் செய்தால் என்ன என்பதெல்லாம் அங்கே பேச்சு. அப்படிப்பட்ட பல டஜன் குழுக்களைக் கம்பெனி ரகசியமாகப் படித்து, யார் என்ன பேசினார்கள் என்று வகை பிரித்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியதை 2020 செப்டம்பரில் 'வைஸ்' பத்திரிகை வெளியிட்டது. கம்பெனி மறுக்கவில்லை, எங்கள் இலாகா ஒன்று அப்படிச் செய்தது, அது எங்கள் முறைக்கு ஒவ்வாதது, நிறுத்திவிட்டோம் என்றது. அதே மாதத்தில், தொழிலாளர் சங்கம் அமைக்கும் 'அபாயத்தை'க் கண்காணிக்க உத்தியோகஸ்தர் தேவை என்று அமேஸான் செய்திருந்த விளம்பரமும் வெளிச்சத்துக்கு வந்தது. அது தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். மேஸ்திரியின் ஆள் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவனைக் கண்டதும் பேச்சை மாற்றத் தெரிந்திருந்தது நமக்கு. இந்த ஆள்காட்டிக்கு முகம் கிடையாது.

வாட்ஸ்அப்பில் பேசினால் பத்திரம் என்று நினைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016லிருந்து அதில் அனுப்பும் செய்தியின் வாசகத்தை நடுவில் உள்ளவர்கள் படிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. ஆனால் யார் எந்த நம்பரோடு, எந்த நேரத்தில், எத்தனை தடவை தொடர்பு கொள்கிறார் என்பது அந்தப் பூட்டுக்குள் அடங்காது. அதற்கும் எஜமானர் ஜூக்கர்பெர்க்தான். 2021ல் அந்த விவரங்களைத் தன் மற்றக் கம்பெனிகளோடு பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்தால் இரு, இல்லாவிட்டால் போ என்ற தோரணையில் நிபந்தனை போட்டார்கள். 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காக 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குழுவில் இருநூறு பேர் இருந்தால் அதில் ஒருவர் கையிலிருந்து அப்படியே நிர்வாகத்தின் மேசைக்குப் போவதற்குப் பூட்டு உடைக்க வேண்டியதும் இல்லை.

கஞ்சிக்கே வழியில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு, அது பணக்காரன் கவலை என்று பேசுகிறவர்களும் உண்டு. மத்திய சர்க்காரே ஏறக்குறைய அப்படித்தான் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிற்று. 2017 ஆகஸ்ட் 24ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அதைத் தள்ளினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஏழைக்குச் சோறு போதும், உரிமை வேண்டாம் என்ற வாதத்தைக் கண்டித்தும் எழுதினார்கள். ஏழைக்குத்தான் அது அதிகம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பணக்காரன் ரகசியம் வெளியே வந்தால் அவனுக்கு அவமானம். கூலிக்காரன் சங்கத்தில் சேர்ந்த ரகசியம் வெளியே வந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

அந்தத் தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், பாராளுமன்றம் டிஜிடல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான சரத்துகள் அமலுக்கு வர மேலும் 18 மாதம் தவணை. சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பறிகொடுத்தவனுக்கு நஷ்ட ஈடு வாங்க முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. புகார் சொல்லுகிறவன் பொய்ப் புகார் சொன்னதாகத் தீர்ந்தால் அவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். விசாரிக்கும் போர்டின் அங்கத்தினர்களை நியமிப்பது மத்திய சர்க்கார். அதே சர்க்கார், நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் காட்டித் தன் இலாகா எதற்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைத் தளங்களில் ஆண் பெண் எல்லோரையும் தினம் இரண்டு வேளை நிறுத்திப் போட்டோ பிடித்து ஆப்பில் ஏற்றினார்களே, அந்தப் படங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் யாரிடம் போய்க் கேட்பது?

இவையெல்லாவற்றையும்விட ஒரு சரத்து நமது கண்ணில் குத்துகிறது. 7வது பிரிவு. சம்மதம் கேட்காமலே ஒருவருடைய விவரத்தை எடுத்துக் கையாளக்கூடிய சந்தர்ப்பங்களை அது வரிசையாகச் சொல்லுகிறது. உயிராபத்து, கொள்ளைநோய், இயற்கைச் சேதம் - இவை நியாயமே. கடைசியில் வருவது என்ன? வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், வேலை கொடுப்பவருக்கு நஷ்டமோ பொறுப்போ வராமல் காப்பதற்கும் என்று இருக்கிறது. வேலை நிறுத்தத்தால் நஷ்டம் வராது என்று எந்த மில் முதலாளி சொல்லுவான்? நஷ்டத்தைத் தடுக்கத்தான் பார்த்தேன் என்று நாளைக்கு ஒரு நிர்வாகம் கோர்ட்டில் நிற்காது என்பதற்கு இந்தச் சரத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தச் சரத்தைத் திருத்த வேண்டும். நஷ்ட ஈட்டு உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போர்டு சர்க்காரின் கைப்பிள்ளையாக இருக்கக் கூடாது. இதற்குப் பாராளுமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது, நாளாகும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. போனஸ், பஞ்சப்படி, லீவு என்று சங்கங்கள் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இந்த வருஷம் இன்னொரு வரியைச் சேர்க்கலாம். தொழிலாளி தன் செல்போனில் எழுதியதையோ, எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதையோ நிர்வாகம் விசாரிக்கக் கூடாது. ஆட்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் விவரங்கள் என்னென்ன, அவற்றை வெளிக் கம்பெனி எதற்கு விற்றிருக்கிறது அல்லது கொடுத்திருக்கிறது என்ற ஜாபிதாவைச் சங்கத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகம் என்ன பதில் எழுதுகிறது என்று பார்ப்போம். பதில் வந்தால் நமக்கு அனுப்புங்கள். சங்கத்தின் சம்மதத்தோடு இதே பக்கத்தில் அச்சிடுவோம்.